மாற்றிய சிறுநீரகத்தில் புரதமும் தழும்பும்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். சிறுநீரையும் குருதியையும் சோதிப்பதே 22 வருடங்களாக என் தொழில். என் அண்ணனின் அடிவயிற்றில் அம்மாவின் சிறுநீரகம் 2013 முதல் வேலை செய்துகொண்டிருக்கிறது. இந்த இரண்டும் ஊருக்குத் தெரியும் என்பதால், களுவாஞ்சிகுடி பஸ் தரிப்பிடத்தில் நின்றாலும் யாராவது ஓர் அறிக்கையை நீட்டுவார்கள். அக்கரைப்பற்றிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் தொலைபேசியில் கேட்பார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதியிருக்கிறேன். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் சிறுநீரக வைத்தியரின் வேலை. அவர் முன்னால் போய் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் அந்தப் பத்து நிமிடம் வீணாகாது.

சிறுநீரில் புரதம் வருகிறது என்கிறார்கள். நான் மீனும் முட்டையும் அதிகம் சாப்பிடுவதாலா?

இல்லை. உங்கள் குருதியில் ஓடும் புரதம் அங்கேயே நிற்க வேண்டியது. சிறுநீரகத்தின் வடி அதைத் தடுத்து நிறுத்தும். வடி பழுதுபட்டால் புரதம் தப்பிச் சிறுநீரில் வந்துவிடும். ஆரோக்கியமானவருக்கு ஒரு நாள் சிறுநீரில் 150 மில்லிகிராமுக்கும் குறைவாகவே புரதம் இருக்கும். அதற்கு மேல் தொடர்ந்து போனால் அது தட்டில் இருந்த மீனின் கணக்கு அல்ல, வடியின் கணக்கு. மீனை முழுவதுமாக நிறுத்திவிட்டு மெலிந்து வந்து நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு சாப்பிடலாம் என்று கிளினிக்கில் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். குறைக்க வேண்டியது கருவாட்டிலும் ஊறுகாயிலும் உள்ள உப்பை.

கிரியேற்றினின் 1.3 தான். எல்லாம் நன்றாக இருக்கும்போது புரதச் சோதனை எதற்கு?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். பதிலையும் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் வடிகட்டும் அலகுகள் உண்டு. சில இலட்சம் அலகுகள் அழிந்தாலும் மிஞ்சியவை கூடுதலாக உழைத்துக் குருதியைச் சுத்தம் செய்யும். அதனால் குருதியில் சேரும் கழிவான கிரியேற்றினின் நெடுநாள் அசையாமல் நிற்கும். அது நன்றாக ஏறத் தொடங்கும்போது வடிகட்டும் திறனில் பாதியளவு போயிருக்கலாம். அதோடு கிரியேற்றினின் தசையிலிருந்து வருவது. மெலிந்த ஒரு பெண்ணின் 1.3 உம் வயலில் மூட்டை தூக்கும் ஓர் இளைஞனின் 1.3 உம் ஒன்றல்ல.

புரதம் பல வேளைகளில் முந்திக்கொண்டு பேசும். வடியின் சுவரில் சிறு சேதம் ஏற்பட்டவுடனேயே அது கசியத் தொடங்கிவிடும். ஆகவே கிரியேற்றினின் ஒரே இடத்தில் நிற்க, புரதம் மட்டும் மாதத்துக்கு மாதம் கூடினால், "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டாம். கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற சர்வதேச அமைப்பின் 2009 வழிகாட்டல், மாற்றிய முதல் மாதத்தில் ஒரு தடவையும், முதல் வருடத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், பிறகு வருடத்துக்கு ஒரு முறையேனும் புரதத்தை அளக்கச் சொல்கிறது.

தழும்பு என்று வைத்தியர் சொன்னார். உள்ளே புண்ணா?

புண் ஆறிய பின் நிற்பது. முழங்காலில் அடிபட்டால் தோல் மூடுகிறது, அந்த இடம் தடித்து வெளுத்து நிற்கிறது அல்லவா? அதற்கு அடியில் இருப்பது கொலாஜன் என்ற நார்ப் புரதம். சிறுநீரகத்துக்குள்ளும் அதேதான் நடக்கிறது. தோலில் தழும்பு இருந்தால் பார்ப்பதற்கு மட்டும்தான் குறை. சிறுநீரகத்தில் அது வேலை செய்யும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

எங்கள் வயல்களை நினைத்துப் பாருங்கள். நல்ல சிறுநீரகத்தில் நுண்குழாய்கள் வயல் துண்டுகள்போல் நெருக்கமாகக் கிடக்கும், நடுவில் ஒடுங்கிய வரம்பு. தழும்பு விழுகிறது என்றால் வரம்பு அகன்று அகன்று வயலைத் தின்கிறது. வயல் துண்டு சுருங்கும், தண்ணீர் பாய வழியில்லாமல் போகும். நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது உண்மையிலேயே அப்படித்தான் தெரியும். ட்ரைக்ரோம் என்ற சாயம் போட்ட கண்ணாடித் தகட்டில் நல்ல இழையம் சிவப்பாகவும் கொலாஜன் நீலமாகவும் தெரியும். நல்ல தகட்டில் நீலம் நூல் இழைபோல ஓடும். தழும்பு விழுந்த தகட்டில் அது வாய்க்கால்போல் அகன்று, இடையிடையே சுருங்கிய குழாய்கள் ஒன்றிரண்டு தனித்து நிற்கும்.

எதனால் அது விழுகிறது?

காரணம் ஒன்றல்ல. சிறுநீரகம் ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்கு வரும்போது குருதியில்லாமல் கிடந்த நேரமே முதல் அடி. பிறகு உடலின் நிர்ப்பீடனம் அதை அந்நியமாகப் பார்த்துத் தாக்குவது. இது காய்ச்சலோ வலியோ இல்லாமல் மெதுவாகவும் நடக்கும். பி.கே. வைரஸ். உயர் குருதி அழுத்தம், நீரிழிவு, திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று. கடைசியாக, சொல்வதற்கே மனம் வராத ஒன்று: நிர்ப்பீடனத்தை அடக்கிச் சிறுநீரகத்தைக் காக்கும் டக்ரோலிமஸும் சைக்ளோஸ்போரினும் கூட, அளவு மீறினாலும் பல வருடம் தொடர்ந்தாலும், சிறு குருதிக் குழாய்களை இறுக்கித் தழும்பு விழச் செய்யும்.

அடி எதுவானாலும் உள்ளே கட்டளை இடுவது பெரும்பாலும் ஒரே புரதம்தான்: டி.ஜி.எஃப்.-பீட்டா. காயத்தை ஆற்றுவதற்காகவே இயற்கை வைத்திருக்கும் புரதம் அது. அடி ஒரு முறை பட்டால் ஆற்றிவிட்டு அடங்கும். அடி ஓயாவிட்டால் அதுவும் ஓயாது. நார் பின்னும் கலங்களை எழுப்பிக்கொண்டே இருக்கும்.

2003 இல் சிட்னி ஆய்வாளர்கள் ஒரு பெரிய வேலையை வெளியிட்டார்கள். நீரிழிவால் சிறுநீரகம் மாற்றிய 120 பேரிடம் வருடக்கணக்காக எடுத்த 961 பயொப்சிகளை, அதாவது ஊசியால் எடுத்த சிறு இழையத் துண்டுகளை, வரிசையாகப் பார்த்தார்கள். முதல் வருடத்திலேயே பெரும்பாலானோருக்கு ஓரளவு தழும்பு இருந்தது. ஆரம்ப காலச் சேதத்தில் நிர்ப்பீடனத் தாக்குதலுக்குப் பெரும் பங்கு, பிந்திய காலத்தில் மருந்துக்குப் பெரும் பங்கு. வைத்தியர் டக்ரோலிமஸை மேலும் கீழுமாக நுணுகிச் சரிசெய்வது இதனால்தான். கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு.

சிறுநீர் நுரைக்கிறது. அது புரதமா?

இருக்கலாம். வேகமாகக் கழித்தாலும் நுரைக்கும். சவர்க்கார நுரைபோல் தடித்து, சில நிமிடம் கழித்தும் அடங்காமல் நின்றால் சோதித்துப் பாருங்கள்.

சிறுநீரில் தோய்க்கும் சோதனைப் பட்டியில் "இல்லை" என்று வந்தால் நிம்மதியாக இருக்கலாமா?

முழுமையாக அல்ல. அந்தப் பட்டியின் மஞ்சள் சதுரம் அல்புமின் என்ற ஒரு புரதத்தைத்தான் நன்றாகப் பிடிக்கும். அது இருந்தால் பச்சையாகும், மிகுந்தால் நீலப் பச்சையாகும். நுண்குழாய்கள் கெட்டால் வெளிவருவது வேறு, சிறிய புரதங்கள்: பீட்டா-2 மைக்ரோகுளோபுலின், அல்பா-1 மைக்ரோகுளோபுலின், ரெட்டினோல் பிணைப்புப் புரதம். இவை போனாலும் சதுரம் மஞ்சளாகவே நிற்கக்கூடும்.

நான் வேலை பழகிய காலத்தில் எங்கள் மூத்த உத்தியோகத்தர் ஒருவர் பட்டியை நம்ப மாட்டார். சோதனைக் குழாயில் முக்கால்வாசி சிறுநீரை எடுத்து, அடியைக் கையில் பிடித்துக்கொண்டு மேற்பகுதியை மட்டும் சுடரில் காட்டுவார். மேலே வெண்புகைபோல் ஒரு கலங்கல் எழும். அசெற்றிக் அமிலம் இரண்டு மூன்று துளி விடுவார். கலங்கல் கரைந்து தெளிந்தால் வெறும் பொஸ்பேற்று. கரையாமல் நின்றால் புரதம். கீழே தெளிந்த மஞ்சள், மேலே முகில், இரண்டும் ஒரே குழாயில். அந்த முகில் எவ்வளவு தடிப்பு என்று அவர் கண்ணாலேயே அளந்துவிடுவார். இன்று இயந்திரம் எண்ணாகத் தருகிறது. ஆனாலும் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் அந்தக் குழாயை ஒரு முறை சுடவைத்துக் காட்டாமல் விடுவதில்லை.

ஒரு ஆய்வுகூடம் 38 என்கிறது, இன்னொன்று 336 என்கிறது. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம், அலகைப் பாருங்கள். ஒரு தடவைச் சிறுநீரில் உள்ள புரதத்தைக் கிரியேற்றினினோடு ஒப்பிட்டு விகிதமாகத் தருவது இன்றைய வழக்கம். நாள் முழுவதும் போத்தலில் சேகரிக்கும் கரைச்சல் இதனால் இல்லாமல் போயிற்று. சில இடங்களில் கிராமுக்கு மில்லிகிராம் என்றும் சில இடங்களில் மில்லிமோலுக்கு மில்லிகிராம் என்றும் எழுதுவார்கள். இரண்டாவதை 8.84 ஆல் பெருக்கினால் முதலாவது வரும். ஆகவே 38 என்பது ஏறத்தாழ 336. குருதிக் கிரியேற்றினினும் அப்படித்தான்: டெசிலீற்றருக்கு 1 மில்லிகிராம் என்பது லீற்றருக்கு 88.4 மைக்ரோமோல். 115 என்ற எண்ணைக் கண்டு அழுதுகொண்டு வந்த ஒரு தாய்க்கு அது 1.3 தான் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

கிராமுக்கு 500 மில்லிகிராமைத் தாண்டித் தொடர்ந்து நின்றால் வைத்தியர்கள் காரணத்தைத் தேடத் தொடங்குவார்கள். தனி எண்ணைவிட அது போகும் திசை முக்கியம். முடிந்தவரை ஒரே ஆய்வுகூடத்தில் சோதியுங்கள்.

மாதிரியை எப்படிக் கொடுக்க வேண்டும்?

காலையில் முதலில் கழிக்கும் சிறுநீர், முதல் துளிகளை விட்டுவிட்டு நடுப்பகுதி, சுத்தமான போத்தலில். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முதல் நாள் கடும் வேலை ஆகியவை எண்ணை ஏற்றிக் காட்டும். அப்போது தள்ளிப் போடுங்கள், முடியாவிட்டால் சொல்லிவிட்டுக் கொடுங்கள். படுவான்கரையிலிருந்து வெயிலில் பஸ்ஸில் மூன்று மணி நேரம் பைக்குள் கிடந்த போத்தல் எனக்கு உதவாது. இடத்துக்கு வந்து கழித்துக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

சத்திரசிகிச்சை முடிந்து இரண்டு வாரம். புரதம் நிறையப் போகிறது. புதிய சிறுநீரகம் கெட்டுவிட்டதா?

பதறாதீர்கள். பழைய இரண்டு சிறுநீரகங்களையும் பெரும்பாலும் எடுப்பதில்லை. அவை இன்னும் சில துளி சிறுநீர் தந்துகொண்டிருந்தால் அதில் புரதம் நிறைய இருக்கும். வாரங்கள் போகப் போக அது வற்றும். வற்றாமல் கூடினால்தான் கேள்வி. முன்பு இருந்த நோய் சிலருக்குப் புதிய சிறுநீரகத்திலும் திரும்பி வருவதுண்டு. எனவே முன்பு என்ன நோய் என்று எழுதிய காகிதத்தைத் தொலைத்துவிடாதீர்கள்.

பயொப்சி எடுத்தால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்கிறார்கள்.

எங்கள் ஊரில் இந்தப் பயம் பெரிது. ஊசி குத்திய பிறகுதான் பழுதாயிற்று என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. பழுதாகத் தொடங்கியதால்தான் ஊசி குத்தினார்கள் என்பதை அவர்களுக்கு யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லவில்லை.

மாற்றிய சிறுநீரகம் முதுகுப் பக்கம் ஆழத்தில் இல்லை. இடுப்பு எலும்புக்கு உட்புறம், அடிவயிற்றில், தோலுக்கு அருகில் இருக்கிறது. நீங்கள் மல்லாந்து படுத்திருக்க, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, இடத்தை மரக்கச் செய்து ஊசியை விடுவார்கள். வருவது குண்டூசி பருமனில் ஒன்றரை சென்ரிமீற்றர் அளவான நூல்போன்ற துண்டு. அதில் குறைந்தது பத்து வடிகட்டிக் கோளங்களும் இரண்டு நாடிகளும் இருந்தால் நல்ல மாதிரி. பிறகு சில மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். சிறுநீரில் கொஞ்சம் சிவப்புத் தெரியலாம்; பெரும்பாலும் தானே தெளியும். பெரிய குருதிப்பெருக்கு அரிது, ஆனால் இல்லாதது அல்ல. அதனால்தான் அஸ்பிரின் போன்றவற்றை முன்கூட்டியே நிறுத்தச் சொல்வார்கள். என்னென்ன குளிசை எடுக்கிறீர்கள் என்பதை மறைக்க வேண்டாம்.

தழும்பு எவ்வளவு, எதனால் என்பதை நேரில் பார்த்துச் சொல்ல இன்றுவரை இதைவிட நல்ல வழி கிடையாது.

அறிக்கையில் உள்ள சொற்கள் விளங்கவில்லை.

1991 இல் கனடாவின் பான்ஃப் நகரத்தில் நோயியல் நிபுணர்கள் கூடி ஒரு பொது மொழியை உருவாக்கினார்கள். அறிக்கையில் காணும் பான்ஃப் என்பது அந்த ஊர்ப் பெயர்தான். ஐ.எஃப்.டி.ஏ. என்றால் குழாய்களுக்கு இடையே நார், அதோடு குழாய்கள் சுருங்கியது. புறணியில், அதாவது சிறுநீரகத்தின் வெளிப் பகுதியில், 25 சதவீதம் வரை என்றால் இலேசானது, 26 முதல் 50 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. முன்பு எல்லாவற்றையும் "நாட்பட்ட ஒட்டுச் சிறுநீரக நோய்" என்ற ஒரே பையில் போட்டார்கள். 2005 பான்ஃப் கூட்டத்தில் அந்தப் பெயரைக் கைவிட்டார்கள். பெயர் வைத்துவிட்டால் காரணத்தைத் தேடுவதை நிறுத்திவிடுகிறோம் என்பது அவர்களின் கவலை. எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது.

சி4டி என்று இருந்தால், அது மயிர்க்குழாய்ச் சுவரில் பிறபொருளெதிரி (அந்நியமானதைத் தாக்க நிர்ப்பீடனம் உருவாக்குவது) தாக்கிய தடயமாகப் படியும் புரதம். தழும்புக்குள்ளேயே அழற்சியும் இருக்கிறது என்று எழுதியிருந்தால் கவனமாகக் கேளுங்கள். அழற்சியில்லாத அமைதியான தழும்பைவிட அது வேகமாகக் கெடுக்கும்.

ஊசி இல்லாமல், புரதத்தை வைத்தே தழும்பை முன்கூட்டி அறிய முடியாதா?

உலகம் முழுவதும் அதற்குத்தான் முயல்கிறார்கள். கிம்-1 என்ற புரதம் நல்ல சிறுநீரகத்தில் காண்பதற்கே அரிது. நுண்குழாய்க் கலம் காயப்பட்டால் சிறுநீரில் தெரியும். என்கால் (NGAL) என்ற இன்னொரு புரதம் சிறுநீரகம் அடிபட்ட சில மணி நேரத்திலேயே ஏறும். சி.எக்ஸ்.சி.எல்.9, சி.எக்ஸ்.சி.எல்.10 ஆகிய இரண்டும் தாக்கவரும் வெண்கலங்களை அழைக்கும் தூதுப் புரதங்கள். இழையத்துக்குள் அழற்சி இருந்தால் சிறுநீரில் கூடும். ஆனால் சிறுநீர்த் தொற்றோ பி.கே. வைரஸோ இருந்தாலும் கூடும். அதுதான் சிக்கல். தீ எரிகிறது என்று சொல்லும், எதனால் என்று சொல்லாது.

இழையத்தில் பார்ப்பவற்றில் விமென்டின் என்ற புரதம் என்னைக் கவர்ந்தது. வளர்ந்தவரின் நலமான நுண்குழாய்க் கலத்தில் அது இருப்பதில்லை. 2008 இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், மூன்றாம் மாதப் பயொப்சியில் குழாய்க் கலங்கள் விமென்டினைக் காட்டத் தொடங்கியவர்களுக்கு ஒரு வருட முடிவில் தழும்பு கூடியிருந்ததைக் கண்டார்கள். சாதாரணச் சாயத்தில் நீலம் தெரிவதற்கு முன்பே கலம் தன் குணத்தை மாற்றிக்கொண்டுவிடுகிறது என்று பொருள்.

எங்கள் பக்கத்துக் கிளினிக்கில் நாளை இவற்றைக் கேட்காதீர்கள். இவற்றில் பல ஆய்வுகூடங்களின் அன்றாடச் சோதனையாக வரவில்லை. கையில் இருக்கும் மலிவான புரத விகிதத்தை ஒழுங்காகச் செய்து, எண்களை வரிசையாக வைத்திருந்தாலே பாதிப் பலன் கிடைக்கும்.

அதெப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?

என் அண்ணனின் கதையால்.

2017 முதல் 2019 வரை அவருடைய கிரியேற்றினின் 1.3, 1.3, 1.4, 1.4. எல்லோருக்கும் திருப்தி. புரத அறிக்கைகள் மூன்று ஆய்வுகூடங்களிலிருந்து வந்தவை. அலகும் வேறு வேறு. ஒரு நாள் இரவு அவருடைய பையைக் கொட்டி, ஒரு சி.ஆர். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றையும் ஒரே அலகில் எழுதினேன். 120. 212. 336. 560. பேனையைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் அந்த நான்கு எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரணம் பிறகு தெரிந்தது. டக்ரோலிமஸின் அளவைப் பார்க்கக் குருதி கொடுக்கும்போது காலைக் குளிசையை எடுக்காமல் போக வேண்டும். இரவுக் குளிசைக்குப் பிறகு பன்னிரண்டு மணி நேரம் கழித்து, அடுத்ததற்குச் சற்று முன்பு உள்ள அளவுதான் தேவை. அண்ணன் பஸ்ஸுக்குப் புறப்படும்போது ஆறரை மணிக்குக் குளிசையை விழுங்கிவிட்டு, எட்டரைக்குக் குருதி கொடுத்து வந்திருக்கிறார். மருந்து உச்சத்தில் இருக்கும் நேரம் அது. அறிக்கையில் 11 என்று வரும். வைத்தியர் கூடிவிட்டது என்று குறைப்பார். மறுபடி குறைப்பார். முறையாக எடுத்துப் பார்த்தபோது உண்மையான அளவு 3 ஐச் சற்றுத் தாண்டியிருந்தது. இரண்டு வருடம் போதிய காவல் இல்லாமல் அந்தச் சிறுநீரகம் இருந்திருக்கிறது. பயொப்சியில் சி4டி தெரிந்தது, வடிகட்டிக் கோளங்களின் சுவர் இரட்டைக் கோடாகியிருந்தது, தழும்பு 30 சதவீதம். குருதியில் அம்மாவின் இழையத்துக்கு எதிரான பிறபொருளெதிரி இருந்தது.

குளிசையை எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று அவரிடம் எவரும் கேட்கவில்லை. நாள்தோறும் மற்றவர்களுக்குக் குருதி எடுக்கும் நானும் கேட்கவில்லை. அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. மருந்து சரிசெய்யப்பட்டது. இப்போது கிரியேற்றினின் 1.9 இல் நிற்கிறது, புரதம் 700 அளவில். டயலிசிஸ் இல்லாமல் அவர் கடைக்குப் போய் வருகிறார். அந்த 30 சதவீதம் திரும்பி வரவில்லை.

அப்படியானால் தழும்பை அழிக்க மருந்தே இல்லையா?

விழுந்த தழும்பைக் கரைக்கும் மருந்து இன்று கிளினிக்கில் இல்லை. லொசார்ட்டன், ராமிப்ரில் போன்றவை குருதி அழுத்தத்தையும் சிறுநீர்ப் புரதத்தையும் குறைக்கும், டி.ஜி.எஃப்.-பீட்டாவின் வேகத்தையும் தணிக்கும் என்று பெரிதாக எதிர்பார்த்தார்கள். ஆனால் கனடாவிலும் நியூசிலாந்திலும் புரதம் போகும் மாற்றுச் சிறுநீரக நோயாளிகளிடம் ராமிப்ரிலைச் சோதித்து 2016 இல் வெளியிட்ட முடிவில், சிறுநீரகம் செயலிழப்பது தெளிவாகக் குறையவில்லை. ஆகவே எண் குறைந்ததும் தழும்பு குறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அந்தக் குளிசைகளை வைத்தியர் தந்தால் எடுங்கள்; குருதி அழுத்தத்துக்கு அவை தேவை. பொற்றாசியம் கூடாமல் இடைக்கிடை பார்ப்பார்கள்.

செய்யக்கூடியது, தழும்பை ஊட்டி வளர்க்கும் காரணத்தைக் கண்டு நிறுத்துவது.

வெள்ளத்தில் பாதை துண்டிக்கப்பட்டால் குளிசைக்கு என்ன செய்வது?

நவம்பர் முதல் ஜனவரி வரை எங்கள் பக்கம் இது வருடாவருடம் வரும் கேள்வி. ஒக்டோபர் கிளினிக்கிலேயே சொல்லி, இரண்டு வாரத்துக்காவது கூடுதலாக வாங்கி, இறுக்கமான போத்தலில் உயரமான இடத்தில் வையுங்கள். இடம்பெயர்ந்தால் முதலில் எடுக்க வேண்டியது அதுதான், அடையாள அட்டைக்கும் முன்பு. 2022 மருந்துத் தட்டுப்பாட்டில் சிலர் இரண்டு குளிசையை ஒன்றாக்கிச் சமாளித்தார்கள். அது மிகவும் ஆபத்து. வேறு நிறுவனத்தின் டக்ரோலிமஸ் தந்தால் எடுங்கள், ஆனால் குருதியளவை மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள். 2012 இல் வெளியான ஒரு வட அமெரிக்க ஆய்வில், நிராகரிப்பால் மாற்றுச் சிறுநீரகத்தை இழந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் குளிசையை ஒழுங்காக எடுக்காதவர்கள் என்று பதிவாகியிருந்தது.

றமழான் நோன்பு பிடிக்கலாமா?

காத்தான்குடி, சம்மாந்துறைப் பக்கத்திலிருந்து கேட்பார்கள். ஸஹருக்கும் நோன்பு திறக்கவும் குளிசை எடுத்தால் இடைவெளி பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியே வரும். ஆனால் பகல் முழுவதும் தண்ணீர் இல்லாதது சிலருடைய சிறுநீரகத்துக்குத் தாங்காது. முதல் வருடத்தில் உள்ளவர்கள், புரதம் கூடிக்கொண்டு போகிறவர்கள் பிடிக்காமல் இருப்பதே நல்லது. நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. ஒரு மாதம் முன்பே வைத்தியரிடம் கேளுங்கள்.

எவற்றைத் தொடவே கூடாது?

காமரங்காய், பிலிங்காய்ச் சாறு. இரண்டிலும் சிறுநீரகத்தில் படிகமாகப் படியும் ஒக்சலேற்று நிறைய. இலங்கையிலேயே இவற்றால் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் உண்டு. சீனி வருத்தத்துக்கு நல்லது என்று யார் சொன்னாலும் வேண்டாம். பம்பளிமாசும் கிரேப் புரூட்டும் டக்ரோலிமஸின் அளவை ஏற்றும். அறுவடை முடிந்து இடுப்பு வலிக்கிறது என்று டைக்ளோபினாக் வாங்கி விழுங்காதீர்கள். தொற்றுக்குத் தரும் கிளாரித்ரோமைசினும் பூஞ்சைக்குத் தரும் புளுகொனசோலும் குருதியில் டக்ரோலிமஸின் அளவைக் கூட்டும். காசநோய்க்குத் தரும் ரிபாம்பிசின் அதை அடியோடு இறக்கும். எந்த வைத்தியரிடம் போனாலும் முதல் வாக்கியம் "எனக்குச் சிறுநீரகம் மாற்றியிருக்கிறது" என்பதாக இருக்கட்டும். வயிற்றுப்போக்கு இரண்டு நாள் நின்றாலும் கிளினிக்கோடு பேசுங்கள்; அப்போதும் டக்ரோலிமஸ் ஏறும்.

தெஹியத்தகண்டிப் பக்கத்து விவசாயிகளின் சிறுநீரக நோயும் இதுவும் ஒன்றா?

காரணம் வேறு, தழும்பு ஒரே வகை. அம்பாறை மாவட்டத்தின் அந்தப் பகுதியிலும் வடமத்திய மாகாணத்திலும் காணப்படும் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோயில் நுண்குழாய்களும் அவற்றின் இடைவெளியும்தான் முதலில் நாராகின்றன. அல்புமின் அதிகம் போவதில்லை, பட்டி ஏமாற்றும். ஆரம்பத்தில் அல்பா-1 மைக்ரோகுளோபுலின் கூடுவதை இலங்கை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சிறுநீரகம் தந்தவருக்கும் இந்தச் சோதனை வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை குருதி அழுத்தம், கிரியேற்றினின், சிறுநீர்ப் புரதம். தந்தவரை வீட்டில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அவரும் தன்னை மறந்துவிடுகிறார். எங்கள் அம்மாவுக்கு இப்போது 71 வயது. தைப்பொங்கல் கழிந்த முதல் திங்கட்கிழமை போத்தலைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு ஆய்வுகூடத்துக்கு வருவார். என் பெயரைச் சொல்லாமல், மற்றவர்களோடு வரிசையில் நின்று துண்டு எடுப்பார். இந்த வருடம் அவருடைய விகிதம் 90. அதைச் சொன்னவுடன் அவர் கேட்டது, "அண்ணனுக்கு எவ்வளவு?"